வைப்பாற்றுச் சீமை (7): வெயில் மட்டுமா செய்தது?

இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று கூடும் கூட்டம் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறது என்று கவனித்தாலே, இந்தத் தொடர் பேசிவரும் நிலத்தின் படம் கிடைத்துவிடும். மேற்கே சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம். வடக்கே விருதுநகர், அருப்புக்கோட்டை. தெற்கே கோவில்பட்டி. கூப்பிடு தூரத்தில் சாத்தூர். பாதயாத்திரையாக வருகிறவர்கள், அக்னிச்சட்டி எடுப்பவர்கள், பிள்ளைக்கு மொட்டை போட வந்தவர்கள் என்று ஆற்று மணல் முழுக்கத் தலைகள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அச்சகம் ஆகிய மூன்றிலும் வேலை பார்க்கும் குடும்பங்களைக் கழித்துவிட்டால் அந்தத் திருவிழா பாதியாகச் சுருங்கிப்போகும்.

கோயில் இருப்பது அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பிறந்து கிழக்கே வருபவை. இரண்டுமே மழையை நம்பிய ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். கூடிய ஆறு இருக்கன்குடி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கடலைத் தொடுகிறது.

சென்ற பகுதியில் இதே ஆற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் மேட்டைப் பார்த்தோம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அகழத் தொடங்கிய அந்த மேட்டில் சங்கு வளையல்களும் மணிகளும் குவியலாகக் கிடைத்தன. கடல் அங்கிருந்து பக்கம் இல்லை. சங்கை வெளியிலிருந்து கொண்டுவந்து, இங்கே அறுத்து, இழைத்து, வளையலாக்கியிருக்கிறார்கள். அந்தக் கைவினைஞருக்கும் இன்றைய சிவகாசிக்காரருக்கும் நேர் வாரிசு உறவு கொண்டாட முடியாது. நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனாலும் மூலப்பொருள் இல்லாத ஊர் பண்டம் செய்கிற ஊராக முடியும் என்பதற்கு அந்த மேடு ஒரு சாட்சி. இந்தப் பகுதியின் கேள்வியும் அதுதான். குச்சிக்கு மரம், மருந்துக்குக் கந்தகம், அச்சுக்குக் காகிதம் எதுவுமே விளையாத கரிசல் பூமியில் இந்த மூன்று தொழில்களும் ஏன் வந்து குடியேறின?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: வெயில். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, மருந்து சீக்கிரம் காயும். பதில் சரிதான், ஆனால் முழுசில்லை. இதே வெயில் ராமநாதபுரத்திலும் அடிக்கிறது, புதுக்கோட்டையிலும் அடிக்கிறது. அங்கெல்லாம் ஒரு சிவகாசி முளைக்கவில்லை.

பஞ்சு போட்ட பாதை

தீக்குச்சிக்கு முன்னால் இங்கே பஞ்சு இருந்தது. கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைந்த திருநெல்வேலிப் பருத்திக்கு 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. அந்தச் சூட்டில் கரிசல்காட்டு விவசாயிக்குக் கிடைத்தது கொஞ்சம், நடுவில் நின்று வாங்கி விற்ற வியாபாரிக்குக் கிடைத்தது அதிகம்.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. விருதுபட்டியும் சாத்தூரும் அந்தத் தடத்தில் அமைந்தன. அதுவரை மாட்டு வண்டியில் துறைமுகம் போன பஞ்சு மூட்டை ரயிலேறியது. 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுபட்டி பஞ்சு, மிளகாய், பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் சந்தையானது. சிவகாசி பிரதான தடத்திலிருந்து விலகி நின்றது. விருதுநகர் - தென்காசிப் பாதை 1927இல் வந்த பிறகுதான் அதற்கு ரயில் வசதி.

இந்த வியாபாரத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் நாடார் வணிகர்கள். சரக்கோடு இரவில் தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதால் ஊருக்கு ஊர் பேட்டைகள் அமைத்துக்கொண்டார்கள். பேட்டைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை ‘மகமை’யாகப் பொது நிதிக்குப் போனது. அதை உறவின்முறை என்னும் சாதிச் சங்கம் நிர்வகித்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அப்படிப்பட்ட பொதுப்பணத்தில் எழுந்ததுதான். பின்னாளில் காமராஜர் படித்த பள்ளியும் அதுவே.

பணம் வந்தது, மரியாதை வரவில்லை. கோயில் நுழைவு உரிமை தொடர்பாக மூண்ட பகை 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. வெளியே மறுக்கப்பட்டதை உள்ளுக்குள் ஒன்றுசேர்ந்து கட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகு இன்னும் இறுகியது. 1910இல் நாடார் மகாஜன சங்கம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். ஆக, தீக்குச்சி உரசப்படுவதற்கு முன்பே இங்கே கைமாற்றுக்கு ஆள், சரக்குக்குச் சந்தை, கடனுக்கு வங்கி, நஷ்டப்பட்டால் தாங்கிப்பிடிக்க உறவின்முறை எல்லாம் தயாராக இருந்தன.

கல்கத்தா போன இருவர்

அந்தக் காலத்தில் இந்திய வீடுகளில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. உரசினால் பற்றும் குச்சியை 1827இல் முதலில் விற்றவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர். பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் உரசக்கூடிய பாதுகாப்பான குச்சியைச் செய்து உலகச் சந்தையைப் பிடித்தவர்கள் சுவீடன்காரர்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் காலனி அரசு வருமானத்துக்காக இறக்குமதித் தீக்குச்சி மேல் 1922இல் கனத்த வரி போட்டது. வரியால் விலை ஏறியது. உள்நாட்டில் செய்தால் லாபம் என்ற நிலை வந்தது.

சிவகாசியில் பங்காளிகளான பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் இதைக் கவனித்தார்கள். 1922 வாக்கில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். முதலில் ஜெர்மன் எந்திரங்களை வைத்துத்தான் தொடங்கினார்கள். இந்த ஊருக்கு அது ஒத்துவரவில்லை. எந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கைவேலைக்குத் திரும்பினார்கள். 1926இல் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் அணில் மார்க், மற்றவர் காக்கா மார்க். 

சுவீடன் கம்பெனி வரிச்சுவரைத் தாண்ட வேறு வழி கண்டது. விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே ஆலை கட்டியது. பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத்தில் பெரிய எந்திர ஆலை. அதற்கு எதிரே சிவகாசியின் கூரைக் கொட்டகை எப்படி நின்றது? பதில் அந்தக் கொட்டகைக்குள் நடந்த வேலைப் பிரிவினையில் இருக்கிறது.

ஒரு பெட்டியின் பயணம்

கேரளத்து மென்மரத்தில் சீவிய குச்சி மூட்டையாக வந்து இறங்கும். வரியிட்ட சிறு கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டத்துக்குள் ஏறி இறுகும். குச்சி முனைகளை முதலில் மெழுகில் முக்க வேண்டும். அப்போதுதான் தலையில் பிடித்த தீ உடம்புக்கு இறங்கும். பிறகு மருந்தில் முக்குவது. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வச்சிரம் இவைதான் குச்சித்தலையின் முக்கியச் சரக்கு. சிவப்பு பாஸ்பரஸ் குச்சியில் கிடையாது; பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படும். இரண்டும் உரசும்போதுதான் பற்றும். முக்கிய சட்டம் காய்ந்தபின் குச்சிகளைப் பிரித்து, பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, 144 பெட்டி ஒரு குரோஸ் என்று கட்டுவார்கள்.

இதில் மருந்து கலப்பதும் முக்குவதும்தான் ஆலைக்குள் நடந்தாக வேண்டியவை. பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. கட்டை அடுக்குவது சுற்றுக் கிராமங்களுக்குப் போனது. முதலாளிக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை, பெரிய முதலும் தேவையில்லை. மழை பொய்த்த வருஷத்தில் கரிசல் கிராமத்தில் வேறு வேலை கிடையாது. கூலியும் குறைவாகவே கொடுக்கப்பட்டது. வெயில் மருந்தைக் காயவைத்தது உண்மை. அதே வெயில் நிலத்தையும் காயவைத்து, வேலைக்குக் கைகளை அனுப்பியது. இரண்டாவது காரணம்தான் பெரிது என்பது என் எண்ணம்.

1934இல் அரசு உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி விதித்தது. பிறகு எந்திர ஆலைக்கு அதிக வரி, கைவேலை ஆலைக்குக் குறைந்த வரி என்ற வேறுபாடு வந்தது. சிறு ஆலைகள் பிழைத்ததோடு பெருகவும் செய்தன. சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே படர்ந்து, வட ஆர்க்காட்டில் குடியாத்தம் வரை தொழில் போனது.

லேபிள் பெற்ற பிள்ளை

எல்லோர் குச்சியும் ஒரே மாதிரி எரிந்தால் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குவார்? பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து. எழுத்துத் தெரியாதவருக்கும் அணிலும் காக்காயும் தெரியும். லேபிளை வெளியூரில் அச்சடித்து வரவழைப்பதைவிட இங்கேயே அடித்துவிடலாமே என்று லித்தோ அச்சகங்கள் வந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த வழுவழுப்பான சுண்ணாம்புக்கல்லில் படத்தை எழுதி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் அடிக்கும் முறை அது. காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும். முதல் வண்ணத்தின் மேல் இரண்டாவது வண்ணம் சரியாக உட்காராது. அந்த வகையில் வறண்ட காற்று அச்சுக்கும் உதவியது.

லேபிள் அடிக்கும் எந்திரம் வருஷம் முழுக்கச் சும்மா நிற்கக் கூடாது என்று காலண்டர் அடித்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாட்டின் மளிகைக் கடைச் சுவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்த கைகள் சாமிக்கு முகம் வரைந்தன. பிறகு டைரி, நோட்டு, பாடப்புத்தகம், வாழ்த்து அட்டை. கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது. தகடு மாறி ஆஃப்செட் வந்தது.

மத்தாப்பிலிருந்து சரவெடி

தீக்குச்சி மருந்தில் சில உப்புகளைச் சேர்த்தால் சுடர் நிறம் மாறும். அப்படித்தான் வண்ணத் தீக்குச்சி, அதிலிருந்து மத்தாப்பு. பட்டாசு அதற்கு அடுத்த படி. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுச் சரக்கை நிறுத்தியது. அதே சமயத்தில், 1940இல், வெடிபொருள் விதிகள் இறுகி, உரிமம் பெற்ற ஆலைதான் பட்டாசு செய்யலாம் என்றானது. வீட்டுப் பின்கட்டில் செய்தவர்கள் விலகினார்கள். மருந்தும் காகிதமும் அச்சும் ஏற்கெனவே கைவசம் வைத்திருந்த சிவகாசி உரிமம் வாங்கிக்கொண்டு முன்னே போனது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தினுடையது என்று தொழில்துறையினர் சொல்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன.

ஒன்று மற்றொன்றைப் பெற்றது. மேட்டூர் ரசாயன ஆலை பொட்டாசியம் குளோரேட் கொடுத்தது. பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடிக்குத் திருமங்கலத்தில் உலோகப் பொடித் தொழிற்சாலை வந்தது. அதன் பெயரோடு ஜெர்மன் கூட்டாளி ஷ்லென்க் பெயரையும் சேர்த்து 1984இல் மெப்கோ ஷ்லென்க் பொறியியல் கல்லூரி எழுந்தது. அதற்கு முன்பே 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. மகமையில் பள்ளி கட்டிய பழக்கம் தீக்குச்சிப் பணத்தில் கல்லூரியாக வளர்ந்தது.

பர்மிங்ஹாமும் சாத்தூரும்

இங்கே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமை நினைத்துப் பார்க்கலாம். பெரிய ஆறு கிடையாது, கடல் கிடையாது. இரும்பும் நிலக்கரியும் பக்கத்துச் சுரங்க வட்டாரத்திலிருந்து வர வேண்டும். நிலக்கரிக்காகக் கால்வாய் வெட்டி 1769இல் முதல் படகுகளை ஓட்டினார்கள். பெரிய ஆலைகளைவிடச் சின்னப் பட்டறைகளே அந்த ஊரின் பலம். பொத்தான், துப்பாக்கி, நகை, பேனா நிப் என்று ஆயிரம் தொழிலின் ஊர் என்ற பெயர் வாங்கியது. 19ஆம் நூற்றாண்டில் உலகம் எழுதிய எஃகு நிப்பில் பெரும்பகுதி அங்கே செய்யப்பட்டது. ஒரு நிப் பல கைகள் மாறி உருவாகும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை.

நம் சாத்தூரும் நிப்புக்குப் பேர் போன ஊர். சேவும் வெள்ளரிக்காயும் ரயில் பயணிகளுக்குத் தெரிந்த சாத்தூர் என்றால், தகட்டில் நிப் வெட்டும் குடிசைத்தொழில் பள்ளிப் பிள்ளைகளின் மைப்பேனா வழியே தெரிந்த சாத்தூர். பால்பாயின்ட் வந்ததும் இரண்டு ஊர்களிலும் நிப் ஒடிந்தது. பர்மிங்ஹாமில் பழைய நிப் ஆலை ஒன்றிலேயே பேனா அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர் கைப்பிடியை இழுத்துத் தானே ஒரு நிப் வெட்டிப் பார்க்கலாம். சாத்தூர் நிப்பை வெட்டத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

கொடுத்த விலை

இந்தக் கதையைச் சாதனைக் கதையாக மட்டும் சொன்னால் பாதியை மறைத்ததாகும். கட்டை அடுக்கிய விரல்களில் நிறைய குழந்தைகளின் விரல்கள். விடியுமுன் கிராமத்துக்கு வரும் ஆலை பஸ்ஸில் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய காலம் ஒன்று இருந்தது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் தீக்குச்சிப் பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். இங்கே அந்தக் கவனம் வர இன்னும் நூறு வருஷம் பிடித்தது. 1979இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய குருபாதசுவாமி குழு, 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம். 1991இல் பட்டாசு ஆலை விபத்தில் 39 பேர் இறந்தபின் உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் அந்த பஸ்களை நிறுத்தின.

விபத்து நின்றுவிடவில்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கு அறை இடைவெளி வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது மரத்தடியிலும் வேலை நடக்கும், உள்குத்தகைக்கும் அறைகள் போகும். உராய்வு ஒன்று போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர்; 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல். இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள்ளும் பல குடும்பங்களின் வேண்டுதலில், காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்பதும் இருக்கிறது.

இனி எது?

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றானது. தீப்பெட்டிக்கு எதிரி லைட்டர். 14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் ஒன்றிய அரசு தடை போட்டது. காலண்டரையும் டைரியையும் கைபேசி தின்றுகொண்டிருக்கிறது.

அதனால் இந்தச் சீமை முடிந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள், வெயில்தான் இதை உண்டாக்கியது என்று நம்புகிறவர்கள். வெயிலை யாரும் உண்டாக்கவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த சந்தை, கடன், கல்வி எல்லாம் மனிதர்கள் கட்டியவை. பஞ்சில் சேர்ந்த பணம் தீக்குச்சிக்குப் போனது, தீக்குச்சிக்கு லேபிள் தேவைப்பட்டு அச்சு வந்தது, மருந்தறிவிலிருந்து பட்டாசு வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய தொழில் நொடிக்குமுன் புதியது பிறந்திருக்கிறது. அடுத்தது பிறக்கும்போது, முதல் தடவை போலக் குறைந்த கூலியையும் பாதுகாப்பற்ற அறையையும் அடித்தளமாக வைக்காமல் இருக்க முடியுமா என்பதே இந்தச் சீமையின் முன் நிற்கும் கேள்வி.

தீப்பெட்டி வந்த அதே நூற்றாண்டில், இதே மலையடிவாரத்தில், கொட்டகைக்குப் பதிலாகப் பெரிய எந்திர ஆலையைத் தேர்ந்தெடுத்த ஓர் ஊரும் உண்டு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை நிறுவிய ராஜபாளையம். பஞ்சை விற்காமல் நூலாக்கிய அந்த ஊரின் கணக்கை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)